அடையாளம் பொருந்தவில்லை

பிளம்பருக்கு இரண்டு சொற்களின் மேல் ஒன்பது வருஷமாகக் கோபம். ‘அடையாளம் பொருந்தவில்லை.’ கோடு போட்ட நீளமான பதிவேட்டில், நீல மையில், அவர் சொன்ன புத்தகத்துக்கு நேராக அப்படி எழுதியிருந்தது. யாரும் அவருக்குக் காட்டவில்லை. கை கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து வாஷர் மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது மேசை மேல் திறந்து கிடந்தது, கண்ணில் பட்டது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அந்த இரண்டு சொல்லைப் புரிந்துகொள்ள அதற்கு மேல் படிப்பு தேவைப்படவில்லை. அடுத்தவன் குடையைத் தன் குடை என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு எழுதுகிற சொற்கள் அவை.

எழுதியவர் கவுண்டர் அக்கா.

பேருந்து நிலையத்தில் பயணிகள் மறந்து விட்டுப்போகிற சாமான்களை வாங்கி வைத்து, தேடி வருகிறவர்களிடம் திருப்பிக் கொடுக்கிற கவுண்டர் ஒன்று உண்டு. அதில் அவர் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் இல்லாத அறை. மூன்று பக்கமும் இரும்பு அலமாரி. குடைகள், டிபன் பாக்ஸ்கள், மூக்குக்கண்ணாடிகள், ஒற்றைச் செருப்புகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். எந்த வண்டியில் கிடைத்தது, என்ன நிலையில் கிடைத்தது, யார் கேட்டு வந்தார்கள்.

அக்காவுக்கு ஒரே சட்டம்தான். பொருளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “சொல்லுங்க” என்பார். கறுப்புக் குடை என்றால் போதாது. எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, பிடியில் என்ன கீறல், சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் குடை மேசைக்கு மேலே வரும். இல்லையென்றால் பதிவேட்டில் அந்த இரண்டு சொல். ஒருமுறை பெரியவர் ஒருவர் பல்செட்டைத் தேடி வந்தார். “குடும்மா, போட்டுப் பாத்துட்டு என்னோடதான்னு சொல்றேன்” என்றார். “போடுறதுக்கு முன்னாடி சொல்லுங்க” என்றார் அக்கா. பல் இல்லாமல் அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. மூன்று தடவை சொல்லவைத்து, கடைவாய்ப் பல்லில் ஒன்று உடைந்திருப்பதை அவர் வாயாலேயே வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

மூன்று மாதம் யாரும் கேட்டு வராத சாமானை ஏலம் விடுவார்கள். புத்தகத்தை மட்டும் யாரும் ஏலம் கேட்பதில்லை. “எடுத்துட்டுப் போயிடும்மா, இடத்த அடைக்குது” என்றார் மேலதிகாரி. அக்கா ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மகன் கடல் தாண்டி வேலையில் இருந்தான். வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் புத்தகம் ஏறிக்கொண்டே போனது. ஓய்வு பெற்ற வருஷம், தபால் அலுவலகத்து மாடியில் பூட்டிக் கிடந்த பழைய சங்க அறையைக் கேட்டு வாங்கினார். பதினொரு நாற்காலி, ஒரு மேசை, மூலையில் கை கழுவும் தொட்டி. மாதத்தின் முதல் ஞாயிறு, பத்து மணிக்குக் கூட்டம். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். மகன் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்தரைக்குத்தான் போன் செய்வான். முதல் ஞாயிறு வந்தால், “கூட்டம் நடக்குது, அப்புறம் பேசு” என்று வைத்துவிடுவார். அவன் நேரத்தை மாற்றவில்லை, இவரும் மாற்றவில்லை.

பிளம்பர் அங்கே புத்தகத்துக்காகப் போகவில்லை. மாடித் தொட்டி ஒழுகி, கீழே தபால்தலைகள் வைத்திருந்த பெட்டியில் சொட்டியது. கூப்பிட்டார்கள், போனார். ஞாயிற்றுக்கிழமை. எட்டுப் பேர் உட்கார்ந்து, இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி, அவள் ஏன் கடிதத்தைக் கிழித்தாள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்கு அடியில் பத்து நிமிஷ வேலை. அவர் முக்கால் மணி நேரம் படுத்திருந்தார்.

“என்னப்பா, அங்கயே குடியேறிட்டியா?” என்றார் பஸ் டிரைவர்.

பிளம்பர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “அவ கிழிக்கல. கிழிச்ச மாதிரி காட்டுனா. துண்ட எடுத்து வச்சுக்கிட்டான்னு இப்பத்தான சொன்னீங்க” என்றார்.

கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க தம்பி.” பிளம்பருக்கு அப்போதே வயது நாற்பத்தொன்று. அக்காவுக்கு எல்லோருமே தம்பி, தங்கச்சிதான்.

புத்தகம் தேர்ந்தெடுப்பது வருஷத்தின் கடைசி மாதத்தில் நடக்கும். ஆளுக்கு ஒரு புத்தகம் சொல்லலாம். அதிலும் கவுண்டர் சட்டம்தான். புத்தகத்தை மூடி மேசை மேல் கவிழ்த்துவிட்டு, “சொல்லுங்க. உள்ள என்ன இருக்கு, அதுல உங்களோடது எது” என்பார். சொல்ல வேண்டும். சொன்னதை அக்கா பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பிறகு வேறு பிரதி தேடிப் பிடித்து, ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். அதற்குப் பிறகுதான் பத்துப் புத்தகப் பட்டியல்; குறைகிறதை அக்காவே கடைகளில் தேடி எடுப்பார்.

பிளம்பரிடம் ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. ஒரு வீட்டில் சமையலறைத் தொட்டிக்கடியில், நனைந்த பழைய பேப்பர் கட்டோடு கிடந்தது. “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க” என்றார்கள் வீட்டுக்காரர்கள். பின்னட்டை போயிருந்தது. வெயிலில் காயவைத்து, எழுத்துக் கூட்டி, நாலு மாதம் எடுத்து முடித்தார். அவர் முழுசாகப் படித்த முதல் கதைப் புத்தகம்.

அந்த வருஷக் கடைசியில் அதை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“ரயில்வே கேட்கீப்பர் ஒருத்தரோட கதை. தம்பியோட பேச்சு இல்ல. பதிமூணு வருஷம். ஊரவிட்டே போயிடறாரு. கடைசியில ஒரு நாள் தம்பி வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு. கதவத் தட்டக் கையத் தூக்கறாரு. அவ்வளவுதான். கை தூக்குனபடியே நிக்குது. அதுக்கு மேல எழுதல.”

“தட்டுனாரா இல்லையா?” என்றார் டிரைவர்.

“அதான் எழுதலன்னு சொன்னேன்ல.”

“இதுல உங்களோடது எது?” என்றார் அக்கா.

பிளம்பர் கொஞ்ச நேரம் கையில் ஒட்டியிருந்த சணல் நாரை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவருக்கும் அவர் அண்ணனுக்கும் ஆறு வருஷம் பேச்சில்லாமல் இருந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை அண்ணன் இவருக்குச் சொல்லவில்லை. இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாலு பேருக்கு முன்னால் இவர் வாயில் வந்ததைப் பேசினார். அதோடு அறுந்தது. இந்தப் புத்தகத்தை முடித்த மறுநாள் காலை பதினோரு மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“அவரு கை தூக்கிட்டு நிக்கறாரு. மிச்சத்த எங்கிட்ட விட்டுட்டாங்கன்னு தோணுச்சு. தட்டிட்டேன்.”

“அண்ணன் என்ன சொன்னாரு?” என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

“அண்ணிதான் தெறந்தாங்க. சாப்பிட்டியான்னாங்க. அண்ணன் டிவியவிட்டுக் கண்ண எடுக்கல. ‘மேல தண்ணி ஏற மாட்டேங்குது, மோட்டாரப் பாரு’ன்னாரு. பாத்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இத்தனையும் சொன்ன பிறகுதான், ஒரு மாதம் கழித்து, அந்த இரண்டு சொல். தான் படிக்காமலே கதை விடுவதாக அக்கா நினைத்துவிட்டார் என்று பிளம்பர் எடுத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்புக்காரன் எங்கே புத்தகம் படித்திருப்பான், யாரோ சொன்னதைக் கேட்டு வந்து ஒப்பிக்கிறான். அண்ணன் விஷயத்தை ஊருக்கு முன்னால் எடுத்து வைத்ததற்கு இது மரியாதை.

அவர் கேட்கவில்லை. விலகவும் இல்லை. விலகினால் அந்தச் சொல் உண்மையாகிவிடும். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் அதே புத்தகத்தையே கவிழ்த்து வைத்தார்.

“வேற ஏதாச்சும் குடுங்க தம்பி” என்பார் அக்கா.

“எனக்கு வேற புத்தகம் கெடயாது.”

“போன மாசம் படிச்சது புடிச்சுதுன்னீங்களே.”

“அது வாத்தியாரோடது. நான் என்னோடதச் சொல்றேன்.”

அக்கா எழுதிக்கொள்வார். பட்டியல் வரும். அதில் இருக்காது. “பிளம்பர் புத்தகம் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்லதான் நிக்குது. கன்ஃபார்ம் ஆகுறதுக்குள்ள அந்த ஆளு கையே வலிச்சுக் கீழ போட்டிருப்பான்” என்பார் டிரைவர். வீட்டில் மனைவியும் விடவில்லை. “நீங்க எதுக்கு மாசாமாசம் அங்க போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வரீங்க? அத இங்கயே செய்யலாமே.”

ஆனாலும் அக்கா புத்தகம் எடுக்கிற விதத்தைப் பிளம்பர் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டார். மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்று அவரைத்தான் கூப்பிடுவார். பழைய புத்தகக் கடையில் அக்கா முதலில் அட்டையைப் பார்ப்பதில்லை. புத்தகத்தை ஒரு கையில் தூக்கி, தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நூறு எண்ணுவார். கடைக்காரர்களுக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. டிரைவர் இரண்டு டிரிப்புக்கு நடுவில், வண்டியின் கடைசி சீட்டில் மல்லாந்து படுத்துத்தான் படிப்பார். கை வலித்தால் தூங்கிவிடுவார். அதற்கான கணக்கு அது. பிறகு வாசல் வெளிச்சத்துக்குப் போய், வாத்தியாருக்காக ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைப் பார்ப்பார். வாத்தியாருக்கு ஒரு கண்ணில் புரை.

மருந்துக்கடைக்காரம்மாவின் மகள் ஐந்து வயதில் ஆஸ்பத்திரியில் இறந்தவள். ஒருமுறை பிளம்பர் விரல் வெட்டுக்கு பிளாஸ்திரி வாங்க நின்றிருந்தபோது அக்கா அந்தக் கடைக்கு வந்தார். கையில் புத்தகம்.

“தங்கச்சி, இதுல நூத்தி நாப்பதாம் பக்கத்துல ஒரு கொழந்த இருக்கு. நாலு பக்கத்துக்கு இருக்கு. எடுக்கவா, விடவா?”

அந்தம்மா பிளாஸ்திரியை உறையில் போட்டு முடித்தார். “வரட்டும்க்கா. அந்த மாசம் நான் வருவேன். பேச மாட்டேன்.”

“சரி.”

பிளம்பர் உறையை வாங்கிக்கொண்டு நடந்தார். அடுத்தவரை வீடு தேடிப் போய்க் கேட்கத் தெரிகிறது, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை என்று அன்றைக்குக் கோபம் ஒரு சுற்றுப் பெருத்தது.

அக்காவும் சறுக்கியது உண்டு. ஒரு வருஷம் எழுநூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டார். அந்த மாதக் கூட்டத்தில் எல்லோரும் ரொம்ப அமைதியாக இருந்தார்கள்.

“மூடி வச்சுட்டுச் சொல்லுங்க” என்றார் அக்கா, டிரைவரைப் பார்த்து.

“நல்லாத்தான்க்கா இருந்துச்சு. அந்தப் பொண்ணுதான் பாவம்.”

“எந்தப் பொண்ணு?”

“அதான்க்கா, கஷ்டப்படுமே, அந்தப் பொண்ணு.”

“அதுல பொண்ணே கெடயாது தம்பி. மொத்தமும் கப்பல்ல நடக்குது.”

வாத்தியார் தன் புரைக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரம்மா கடைக்கு ஆள் வந்திருக்கும் என்று எழுந்தார். பிளம்பர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் படிச்சேன். நல்லால்ல.”

“எது வரைக்கும்?”

“கடைசி வரைக்கும். நங்கூரச் சங்கிலியில துரு ஏறியிருக்குன்னு ஒருத்தன் சொல்றான், யாரும் காதுல வாங்கல, முடிஞ்சுபோச்சு. அதச் சொல்றதுக்கு எழுநூறு பக்கம்.”

அக்கா அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தப்பு என்னோடது. கனத்தப் பாக்காம எடுத்துட்டேன்” என்றார். பதிவேட்டில் ஏதோ எழுதினார். பிளம்பர் வீம்புக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சொல்லப்போனால் அவர் எல்லாப் புத்தகத்தையும் கடைசி வரை படித்தது அந்த வீம்பில்தான். குறை கண்டுபிடிக்கப் படித்தார். ஒன்பது வருஷத்தில் தொண்ணூறு புத்தகம்.

இந்த வருஷம் அக்காவால் மாடிப்படி ஏற முடியவில்லை. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார்கள். கால் வீங்கியது. டிரைவரும் வாத்தியாரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். “ஏலத்துக்குக் கொண்டுபோற மாதிரி இருக்கு” என்றார் அக்கா. வருஷக் கடைசிக் கூட்டத்தில் பிளம்பர் வழக்கம்போல் கவிழ்த்து வைத்தார். அக்கா வழக்கம்போல் எழுதிக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு மதியம், வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று போன் வந்தது. பிளம்பர் போனார். அதற்கு இரண்டு நாள் கழித்து அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. ஆகவே பிளம்பர் அவரோடு கடைசியாகப் பேசியது அந்த மதியம்தான்.

அக்கா கூடத்தில் ஸ்டூலின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் பளபளவென்று இருந்தன. பிளம்பர் வாஷரை மாற்றினார். ஐந்து நிமிஷ வேலை. பையை மூடுகிற சத்தம் கேட்டு அக்கா கூப்பிட்டார்.

“தம்பி, இங்க வந்து உக்காருங்க.”

“இன்னொரு வேலை இருக்குக்கா.”

“இருக்கட்டும். பதிவேட்ட வாத்தியார்கிட்ட குடுத்துட்டேன். இந்த வருஷம் பட்டியல் அவருதான் போடுறாரு.”

பிளம்பர் உட்கார்ந்தார்.

“அவரு நல்லவரு. ஆனா வேற பிரதி தேடிப் படிக்கமாட்டாரு. நீங்க சொன்னத அப்படியே நம்பி உங்க புத்தகத்தப் பட்டியல்ல போட்டுருவாரு.”

“போட்டா என்ன? நான் என்ன பொய்யா சொல்றேன்? ஒன்பது வருஷமா என்னத் திருடன் மாதிரி எழுதி வச்சிருக்கீங்க. நான் பாத்துட்டேன். மொத வருஷமே பாத்துட்டேன். அடையாளம் பொருந்தவில்லை.”

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். “பாத்துட்டுத்தான் இத்தன வருஷம் வந்தீங்களா?”

“வந்தேன்.”

“கேட்டிருக்கலாமே.”

“நீங்க சொல்லியிருக்கலாமே.”

“அது சரிதான்” என்றார் அக்கா. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதே கேட்கீப்பர். அதே முன்னட்டை, ஆனால் நனையாதது. பின்னட்டையும் இருந்தது. பிளம்பர் கையில் எத்தனையோ தடவை பிடித்திருந்த கனத்தைவிட அது கொஞ்சம் தடியாக இருந்தது. அவர் தொழிலில் அளவு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

“உங்ககிட்ட இருக்கறது எரநூத்தி எட்டுப் பக்கம்” என்றார் அக்கா. “இது எரநூத்தி நாப்பது. நனஞ்சத யாரோ பிச்சிருக்காங்க. சரியா ஒரு அத்தியாயம் முடியற எடத்துல பிஞ்சிருக்கு, அதான் உங்களுக்குத் தெரியல. உங்க மேல தப்பில்ல. நீங்க சொன்ன அடையாளம் உங்க புத்தகத்துக்குப் பொருந்துது. இதுக்குத்தான் பொருந்தல.”

பிளம்பர் சமையலறைக் குழாயைக் காது கொடுத்துக் கேட்டார். சொட்டவில்லை.

“அப்ப கை தூக்கினதோட முடியலையா?”

“முடியல.”

“தட்டுறாரா?”

“முப்பத்திரண்டு பக்கம் இருக்கு.” அக்கா அட்டையைத் தடவினார். “மருந்துக்கடத் தங்கச்சிகிட்டப் போயி எடுக்கவா விடவான்னு கேட்டேன். உங்ககிட்டயும் அப்படி வந்து கேட்டிருக்கணும். ஒவ்வொரு வருஷமும் கேக்கலாம்னுதான் இத எடுத்துட்டு வருவேன். நீங்க உங்க அண்ணன் வீட்டுக் கதவத் தட்டுனது எதனாலங்கறது ஞாபகம் வரும். திருப்பிக் குடுத்துருவேன்.”

பின்னட்டையின் உட்பக்கத்தைத் திறந்து காட்டினார். நூலகத் தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது. திருப்பிக் கொடுத்த தேதிகள், ஊதா மையில் வரிசையாக முத்திரைகள். பிளம்பர் விரல் வைத்து எண்ணினார். ஒன்பது. எல்லாம் வருஷத்தின் முதல் மாதம். நடுவில் வேறு யாரும் அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கவில்லை.

“ஒன்பது தடவையும் முழுசாப் படிச்சீங்களா?”

“பின்ன? இந்த வருஷமாச்சும் எடுக்கலாமான்னு பாக்கணுமில்ல.”

“நல்லாருக்கா, அந்த முப்பத்திரண்டு பக்கம்?”

“எனக்கு உங்களோடதுதான் புடிச்சிருக்கு. அதனால இது தப்புன்னு ஆயிடாது.” மறுபடி மூச்சு வாங்கினார். “வாத்தியார் எடுத்துட்டா எல்லாரும் முழுசா இருக்கறதத்தான் படிச்சுட்டு வருவாங்க. டிரைவர் தம்பி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டாரு. அத்தன பேருக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிய வேண்டாம். அதுக்குத்தான் கூப்பிட்டேன். கொழாய் நல்லாத்தான் இருந்துச்சு.”

“வாஷர் தேஞ்சுதான் இருந்துச்சு” என்றார் பிளம்பர்.

“அப்ப சரி.”

அக்கா புத்தகத்தை மூடினார். இரண்டு கையாலும் எடுத்து, கவுண்டரில் சாமானை ஒப்படைக்கிறவர் போல அவர் பக்கமாக நீட்டினார்.

“நாளைக்குத்தான் கடைசித் தேதி. என்னால அந்தப் படி ஏற முடியாது. அஞ்சு மணிக்குள்ள நூலகத்துல குடுத்துடுங்க தம்பி. வழியில பிரிக்கறதும் பிரிக்காததும் உங்க இஷ்டம், எனக்கு வந்து சொல்ல வேண்டாம். முத்திர மட்டும் விழுந்துச்சான்னு நின்னு பாத்துட்டு வாங்க.”